மீன்பெயரும் மீனினமும்: தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள்

சங்க இலக்கியம் பயிலும் மாணவர்க்கு மீன்கள் புதியன அல்ல. அயிரையும் ஆரலும் கயலும் வாளையும் வராலும் மருதநிலத்துப் பொய்கைகளிலும் வயல்களிலும் பிறழக் காண்கிறோம்; நெய்தல் நிலத்தில் சுறா வலையைக் கிழித்துச் செல்லக் காண்கிறோம். எனினும் இப்பெயர்களுக்கு உரைநூல்களும் கையகராதிகளும் தரும் விளக்கம் பெரும்பாலும் ‘ஒருவகை மீன்’ என்னும் இரு சொற்களோடு நின்றுவிடுகிறது. எவ்வகை மீன்? நன்னீரதா, கடலதா? செதிலுடையதா, மீசையுடையதா? இன்றும் அதே பெயரால் அழைக்கப்படுகிறதா? இவ்வினாக்கள் எழுப்பப்படுவதும் இல்லை. விடை தேடப்படுவதும் இல்லை.

இதனை விலங்கியலாரின் வேலை என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உளர். அவ்வாறு ஒதுக்குதல் முறையன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. மீனினப் பகுப்பு என்னும் அறிவியல், மீன்பெயர்களைக் கொண்டே தொடங்கியது. அப்பெயர்களுள் சில நம் மண்ணிலிருந்தே சென்றன. எனவே ஒரு தமிழ்ப்பெயர் எந்த மீனைக் குறிக்கிறது என்று உறுதிசெய்யும் பணியில் விலங்கியல் துறைக்குச் சரிபாதியாகத் தமிழ்த்துறைக்கும் பொறுப்பு உண்டு.

எலும்பா, முள்ளா?

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். மீன்களைப் பாடநூல்கள் எலும்பு மீன்கள், குருத்தெலும்பு மீன்கள் எனப் பிரிக்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் முன்னதை என்பு மீன்கள் என்னும். ஆனால் வீட்டில் சோற்றுத்தட்டின் முன் அமர்ந்த எவரும் ‘மீனின் எலும்பு’ என்று சொல்வதில்லை. ‘முள்’ என்றே சொல்கிறோம். குழந்தைக்கு முள் நீக்கி ஊட்டுகிறோம். சுறாவுக்கும் திருக்கைக்கும் அத்தகைய முள் இல்லை என்பதைச் சமைப்போரும் உண்போரும் நன்கு அறிவர். அறிவியலார் எலும்புக்கூட்டை ஆராய்ந்து கண்ட முதற்பெரும் பிரிவை நம் அடுக்களை தன் போக்கில் முன்னரே கண்டிருந்தது.

எலும்பு மீன்களுக்கு வேறு அடையாளங்களும் உண்டு. சுறாவின் கழுத்தோரம் ஐந்து முதல் ஏழு செவுள் பிளவுகள் வெளிப்படையாகத் தெரியும். எலும்பு மீனிலோ செவுள்கள் அனைத்தும் ஒரே மூடியின் கீழ் அடங்கியிருக்கும். சந்தையில் மீன் வாங்குவோர் நிமிர்த்திப் பார்த்துச் சிவப்பை ஆராய்வது இம்மூடியைத்தான். பெரும்பாலான எலும்பு மீன்களின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. மீனை நீரில் மிதக்கச் செய்வது அதுவே. கூறல் மீனின் அப்பையை ‘நெட்டி’ எனப் பெயரிட்டு நம் கடற்கரை வணிகர் பெரும்பொருளுக்கு விற்கின்றனர். சுறாவுக்கு இப்பை இல்லை.

உலகில் இன்று அறியப்பட்ட மீன் இனங்கள் 35,000-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலானவை எலும்பு மீன்களே. அயிரை முதல் வஞ்சிரம் வரை, விலாங்கு முதல் கடற்குதிரை வரை அனைத்தும் இப்பிரிவில் அடங்கும்.

பகுப்பு வளர்ந்த வழி

பகுத்தறிதல் நமக்கு அயலானதன்று. உயிர்களை அவற்றின் அறிவுப்புலன்களின் எண்ணிக்கை கொண்டு வகுத்தது தொல்காப்பிய மரபியல். ஆண்சுறாவை ‘ஏறு’ என வழங்கும் மரபையும் அது குறித்து வைத்துள்ளது. ஐரோப்பாவில் மீனியலின் தந்தை எனப் போற்றப்படுபவர் சுவீடன் நாட்டுப் பீட்டர் ஆர்டெடி. 1735-இல் ஆம்ஸ்டர்டாம் நகரக் கால்வாய் ஒன்றில் மூழ்கி இளவயதிலேயே மாண்ட அவருடைய நூலை, நண்பர் லின்னேயஸ் 1738-இல் பதிப்பித்தார். பின்னர் 1758-இல் தாம் வெளியிட்ட பகுப்பில், லின்னேயஸ் வயிற்றுத்துடுப்பின் இருப்பிடத்தையே அளவுகோலாகக் கொண்டார். அத்துடுப்பு இல்லாதவை, கழுத்தடியில் உடையவை, மார்படியில் உடையவை, வயிற்றடியில் உடையவை என மீன்கள் நான்கு கூறாயின. கணக்கெடுக்க எளிதான முறை. ஆயினும் உறவு காட்டும் முறை அன்று.

‘எலும்பு மீன்கள்’ எனப் பொருள்படும் ஆஸ்டிக்தியஸ் என்ற கிரேக்கச் சொல்லாக்கத்தை 1880-இல் வழங்கியவர் ஹக்ஸ்லி. டார்வினுக்குப் பின்னர்ப் பகுப்பின் நோக்கமே மாறியது. ஒன்றைப்போல் ஒன்று தோன்றுவது போதாது. ஒரே முன்னோரின் வழிவந்தவையா என்பதே கேள்வியாயிற்று. அவ்வகையில் எலும்பு மீன்கள் இருபெருங் குலங்களாகப் பிரிகின்றன. விசிறிக்குச்சிகள் போன்ற கதிர்களால் துடுப்பு விரியும் கதிர்த்துடுப்பு மீன்கள் ஒரு குலம். நாம் அறிந்த மீன்கள் ஏறத்தாழ அனைத்தும் இதனுள் அடங்கும். எலும்பும் தசையும் கொண்ட தண்டின்மேல் துடுப்பு அமைந்த சதைத்துடுப்பு மீன்கள் மற்றொரு குலம். இக்குலத்தில் இன்று எஞ்சியிருக்கும் மீன்கள் எட்டே இனங்கள்: ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் நுரையீரல் மீன்கள் ஆறு, ஆழ்கடலில் வாழும் சீலகாந்த் மீன்கள் இரண்டு. தவளையும் பாம்பும் பறவையும் யானையும் மனிதரும் இச்சதைத்துடுப்புக் குலத்திலிருந்தே கிளைத்தவர்கள். ஆகவே, வழித்தோன்றலை மட்டும் கணக்கிட்டால், சீலகாந்துக்கு வஞ்சிரத்தைவிட நாமே நெருங்கிய உறவினர்.

தரங்கம்பாடியிலிருந்து இலத்தீனுக்கு

இந்த அறிவியல் வளர்ச்சியில் நம் நாட்டின் பங்கு என்ன? பெர்லின் நகர மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக், 1782 முதல் 1795 வரை 432 வண்ணப்படங்களுடன் மீன்களைப் பற்றிய பன்னிரு தொகுதிகளை வெளியிட்டார். அவருக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன்களைப் பதப்படுத்தி அனுப்பியவர் அங்கிருந்த சமயப்பணியாளர் ஜான். அவ்வாறு சென்றவற்றுள் நம் விராலும் குரவையும் உண்டு. 1793-இல் பிளாக் அவற்றுக்கு இலத்தீன் பெயர் சூட்டினார். அவற்றை இம்மண்ணில் எவ்வாறு அழைத்தனர் என்பதையும் குறித்துவைத்தார். பிரெஞ்சு அறிஞர் லாசெபேத் 1801-இல் அந்நாட்டுப் பெயர்களையே இனப்பெயர்களாக்கினார். விரால் என்பது ‘வ்ரால்’ ஆயிற்று. குரவை என்பது ‘கருவே’ ஆயிற்று. தமிழ்ச்சொல் இலத்தீன் உடை உடுத்து அறிவுலகில் நின்றது.

ஆனால் அது நிலைக்கவில்லை. ஓர் இனத்துக்குப் பல பெயர்கள் இடப்பட்டிருப்பின் முந்தியதே செல்லும் என்பது இன்றைய பெயரீட்டு நெறி. ஆகவே பிளாக் இட்ட பெயர் நின்றது; தமிழ்ப்பெயர் ‘ஒருபொருட் பன்மொழி’ப் பட்டியலில் ஒதுங்கிற்று. நெறிப்படி அது சரியே. அதில் குறைகாண நாம் முற்படவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மீனை அனுப்பிய ஜானின் பெயர், கத்தாழைக் குடும்பத்து மீன்கள் சிலவற்றுக்கு ஜானியஸ் என்ற பேரினப் பெயராக இன்றும் வழங்குகிறது. அம்மீன்களை வலைவீசிப் பிடித்து, ‘இது விரால், இது குரவை’ என்று அவருக்கு இனங்காட்டிய மீனவர் யார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

அதே ஊரைச் சார்ந்த மற்றொரு செய்தியும் உண்டு. டென்மார்க் நாட்டவர் பணியில் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்பவர், 1791-இல் பனைமரத்தின் வெடிப்பொன்றில், நீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில், மீன் ஒன்று ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதினார். 1797-இல் அச்செய்தி இலண்டன் லின்னேயன் கழகத்தில் வெளியாயிற்று. அம்மீன் உண்மையில் மரம் ஏறுமா என்பதில் பின்வந்த அறிஞர்கள் ஐயம் கொண்டனர். பறவைகள் கவ்விச் சென்று மரத்தில் வைத்ததாகவும் இருக்கலாம் என்றனர். ஆனால் தமிழில் அதற்குப் பெயர் ‘பனையேறி’. செவுளறைக்கு மேலுள்ள மடிப்புறுப்பால் காற்றைச் சுவாசித்து, நீரைவிட்டு வெளியேறித் தரையில் ஊர்ந்து செல்லும் இயல்பு அம்மீனுக்கு உண்டு என்பது ஐயமற்றது. அவ்வியல்பைக் கூர்ந்து நோக்கியவர்களே அப்பெயரை இட்டிருக்க முடியும்.

பெயர் ஒன்று, குலம் இரண்டு

நாட்டுப்பெயர்கள் அனைத்தும் அறிவியலோடு பொருந்திவிடும் என்று சொல்வது மிகையாகும். அவை சில இடங்களில் வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றன; சில இடங்களில் முற்றிலும் வேறுபடுகின்றன. இரண்டையும் நாம் நேர்மையுடன் நோக்க வேண்டும்.

கெளுத்தி என்ற பெயரைக் காண்போம். மீசையும் வழவழப்பான செதிலற்ற உடலும் பக்கத்துடுப்பில் கூரிய முள்ளும் உடையவற்றை ஆற்றிலும் கடலிலும் கெளுத்தி என்றே அழைக்கிறோம். விலங்கியலாரும் அவற்றை ஒரே வரிசையில்தான் வைக்கின்றனர். இங்கு இரு பகுப்புகளும் ஒன்றுபடுகின்றன. ஆனால் கானாங்கெளுத்திக்கு மீசையும் இல்லை, கெளுத்தியோடு உறவும் இல்லை. அது வஞ்சிரத்தின் இனம். ரஸ்ஸல் என்பார் 1803-இல் விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி எழுதிய நூலில் அதன் தெலுங்குப் பெயரைக் ‘கனகுர்த்தா’ எனக் குறித்தார்; கூவியர் அதையே அறிவியற்பெயராக்கினார். தெலுங்கு வடிவையும் தமிழ் வடிவையும் அருகருகே வைத்து ஆராய்வது மொழியியல் பயில்வோர்க்கு நல்லதொரு பணியாகும்.

வெள்ளை வவ்வாலையும் கறுப்பு வவ்வாலையும் உடலின் தட்டை வடிவம் கண்டு ஒரே பெயரால் அழைக்கிறோம். அறிவியல் இவற்றை வெகுதொலைவில் வைக்கிறது. கறுப்பு வவ்வால் பாறை மீன் குடும்பத்தது. அதன் வாலடியில் பாறைக்குரிய கடுஞ்செதில்களைத் தடவியறியலாம். வெள்ளை வவ்வாலோ, 2013 முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகளின்படி, வஞ்சிரத்துக்கும் கானாங்கெளுத்திக்கும் நெருங்கிய உறவு. வாளை என்ற பெயரும் இத்தகையதே. ஆற்றுவாளை மீசையுடைய கெளுத்தி இனம். கடலில் கிடைக்கும் வெள்ளி நாடா போன்ற ஓலைவாளை வஞ்சிரத்தின் சுற்றம். வாள் போன்ற தட்டை வடிவே இரண்டையும் ஒரு சொல்லால் இணைத்தது. சங்கப்பாடலில் மருதநிலத்து வாளைக்கு உரை எழுதுவோர் கடல்வாளையின் படத்தை அச்சிட்டால் பாட்டின் நிலமே மாறிவிடும்.

எதிரான சான்றும் உண்டு. ஆரல் பாம்பு போல் நீண்டிருப்பதால் விலாங்கோடு சேர்த்து எண்ணத் தோன்றும். மரபணு ஆய்வு ஆரலை விலாங்கிடமிருந்து பிரித்து, விராலும் பனையேறியும் உள்ள கிளைக்கு அருகில் வைக்கிறது. உருவத்தில் ஒவ்வாத இம்மூன்றையும் நன்னீர் வயலிலும் சேற்றிலும் ஒருங்கே கண்டு வந்தவர்கள் நம் உழவர்கள்.

ஊருக்கு ஊர் பொருள் மாறும் பெயர்களும் உள்ளன. சென்னைச் சந்தையில் சீலா என்றால் கூரிய பற்களையுடைய ஊளி மீன். தென்கடலோரத்தில் சீலா என்றால் வஞ்சிரம். இவ்விரண்டும் வெவ்வேறு குலத்தவை. சீலா என்ற சொல்லை ஊர் குறிக்காமல் அகராதியில் ஏற்றினால், இருவரில் ஒருவருக்கு அது பிழையான பொருளாகவே அமையும்.

இவ்வேறுபாடுகளைக் காட்டி, ‘நாட்டுப்பெயர் அறியாமையின் விளைவு’ என்று தள்ளிவிடுதல் தகாது. வடிவு, நிறம், சுவை, வாழிடம், அகப்படும் வலை, பெறும் விலை ஆகியவற்றைக் கொண்டு மீனவர் பகுக்கின்றனர். அது தொழிலுக்குரிய பகுப்பு. வழித்தோன்றலைக் கொண்டு விலங்கியலார் பகுக்கின்றனர். அது வரலாற்றுக்குரிய பகுப்பு. ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளத்தல் ஆகாது. மேலும் அறிவியற்பகுப்பும் மாறாமல் நிற்பதன்று. ‘பெர்ச்’ மீன் வரிசை என ஒரு காலத்தில் பல்லாயிரம் இனங்களை அடக்கியிருந்த பெருங்குழு இன்று பல வரிசைகளாகப் பிரிந்துபோயிற்று.

மீனவர் அறிவின் தகுதிக்கு உலகறிந்த சான்று சீலகாந்த். டைனோசர்களின் காலத்தோடு அழிந்ததாக அறிவியலார் கருதியிருந்த அம்மீன் குலம், 1938-இல் தென்னாப்பிரிக்கக் கரையோரத்தில் ஓர் இழுவைப்படகின் வலையில் உயிருடன் சிக்கியது. அருங்காட்சியகப் பணியாளர் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் அதன் அருமையை உணர்ந்து காத்தார். பேராசிரியர் ஸ்மித் அவர் பெயராலேயே லாட்டிமேரியா எனப் பெயரிட்டார். இரண்டாவது மீன் 1952-இல் கொமொரோ தீவுகளில் கிடைத்தபோதுதான், அத்தீவின் மீனவர் அதனை நெடுங்காலமாகக் ‘கொம்பெஸ்ஸா’ என அழைத்து வந்தது தெரிந்தது. இரண்டாம் சீலகாந்த் இனம் 1997-98 ஆண்டுகளில் இந்தோனேசியாவில் அறியப்பட்டது. அங்குள்ள மீனவர்க்கும் அது ‘கடல் அரசன்’ எனப் பொருள்படும் பெயருடைய பழகிய மீனே. உலகம் அழிந்ததென்று எழுதிவைத்த மீனுக்கு இரு கடற்கரைகளில் பெயர் வழங்கிவந்தது. அப்பெயர்களை முன்னரே எவரேனும் கேட்டு எழுதியிருப்பின் அறிவியலின் ஓர் அதிகாரம் முன்னதாகவே எழுதப்பட்டிருக்கும்.

பெயர் பிழைத்தால் வரும் கேடு

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சில கடல் மீன்கள் சேர்க்கப்பட்டன. கடற்குதிரையும் அதன் குடும்பத்து மீன்கள் அனைத்தும் அவற்றுள் அடங்கும். பெருங்களவா இனம் ஒன்றும் அடங்கும். கடற்குதிரை மீன்தானா என்ற ஐயமே பலருக்கு உண்டு. செவுள்மூடியும் முதுகுத்துடுப்பும் செதிலுக்கு மாற்றாக எலும்புத் தகடுகளும் உடைய அது ஐயமற எலும்பு மீனே. களவாவைப் பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. சட்டம் குறிப்பது ஓர் இனத்தை மட்டுமே. கடற்கரையிலோ களவா என்பது பல இனங்களுக்குப் பொதுப்பெயர். அவை சந்தையில் தடையின்றி விற்கப்படும் உணவு மீன்கள். அறிவிப்புப் பலகையில் ‘களவா பிடித்தல் குற்றம்’ என்று மட்டும் எழுதினால் உழைத்துண்பவர் அஞ்சிப் பிழைப்பிழப்பர். இலத்தீன் பெயரை மட்டும் எழுதினால் எவருக்கும் விளங்காது. எந்தக் களவா என்பதை அவ்வூர் வழங்கும் அடைமொழியோடு எழுதினால்தான் சட்டம் தன் நோக்கத்தை எய்தும். எளியோரும் வழக்கின்றி வாழ்வர். இங்குச் சரியான சொல் என்பது ஒரு குடும்பத்தின் அன்றாட வருவாய்.

செய்ய வேண்டுவன

தமிழ்த்துறைகள் இதற்குச் செய்யத்தக்கவை மிகப் பெரியனவும் அல்ல. பெரும்பொருள் வேண்டுவனவும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபோதே, மீன்பெயர் பலவற்றுக்கு நிறமும் நீளமும் இலத்தீன் பெயரும் தந்தது. சென்னை மாகாணப் படை மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே, 1875-1878 ஆண்டுகளில் எழுதிய ‘இந்திய மீன்கள்’ போன்ற நூல்கள் அக்காலத்தார்க்குத் துணைநின்றன. ஆயினும் அவ்விலத்தீன் பெயர்களுள் பல இன்று மாறிவிட்டன. விரால் இனத்துக்கு அன்று வழங்கிய ஓபியோசெபாலஸ் என்ற பேரினப் பெயர் போய், இன்று சன்னா என்ற பெயர் நிற்கிறது. அவற்றைத் திருத்திப் புதுப்பித்தல் முதற்பணி.

இரண்டாவதாக, கடலோரத்துக் கல்லூரிகளின் முதுகலை மாணவர்கள் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து ஆய்வேடு எழுதும்போது, விலங்கியல் துறையாரையும் உடனழைத்துச் செல்லல் வேண்டும். பெயரைச் சொன்னவரின் ஊர், பிடிபட்ட நீர்நிலை, பருவம், வலையின் பெயர், மீனின் படம், உறுதிசெய்யப்பட்ட அறிவியற்பெயர் ஆகிய ஆறும் ஒருங்கே பதிவாக வேண்டும். படமும் அறிவியற்பெயரும் இல்லாத சொற்பட்டியல் பாதிப்பயனே தரும். 1947-இல் தோன்றி, 1949 முதல் 1971 வரை மண்டபத்தில் தலைமையிடம் கொண்டிருந்த மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நாட்டுப்பெயர்களைத் தன் வெளியீடுகளில் சேர்த்தே வந்துள்ளது. ஆனால் அவை பெரிதும் ஆங்கில எழுத்தில் உள்ளன. அவ்வெழுத்தில் லகர ளகர ழகர வேறுபாடு மறைந்துபோகும். அதனைத் திருத்தித் தர வல்லவர் தமிழறிந்தோரேயன்றி வேறு யார்?

மூன்றாவதாக, பொதுப்பெயர் ஒன்றை நிலைநாட்டும் ஆர்வத்தில் வட்டாரப் பெயர்களை அழித்துவிடல் கூடாது. வஞ்சிரம், சீலா, நெய்மீன் மூன்றும் இருக்கட்டும். எது எங்கு வழங்குகிறது என்ற குறிப்பும் உடனிருக்கட்டும். கடற்கரையில் வழங்கும் சொல் இருக்க, ஆங்கிலத்தைப் பெயர்த்துப் புதுச்சொல் ஆக்குவதும் வேண்டா.

இப்பணிக்குக் காலம் நீட்டிக்க இயலாது. தந்தைக்கு நூறு மீன்பெயர் தெரிந்திருக்க, வேறு தொழில் நாடிச் சென்ற மகனுக்கு இருபது தெரியும். நகரத்துப் பேரனுக்குக் கடையில் எழுதி வைத்த நான்கு தெரியும். குளம் தூர்ந்தால் குரவை போகிறது. குரவை போனால் சொல்லும் போகிறது. மீனைக் காப்பது நம் ஒருவர் கையில் இல்லை. சொல்லைக் காப்பதும் அச்சொல் எந்த மீனைச் சுட்டியது என்று எழுதி வைப்பதும் நம் கையில் உண்டு. இனிவரும் ஆய்வேடுகளிலும் உரைநூல்களிலும் ‘ஒருவகை மீன்’ என்ற தொடருக்கு மாற்றாக அம்மீனின் அடையாளமே இடம்பெறட்டும். அதற்கு நம் மாணவர்கள் ஒரு நாள் விடியலில் குறிப்பேட்டுடன் மீன் ஏலம் விடும் துறைக்குச் சென்று நின்றாலே போதும். பெயர் சொல்ல அங்கு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.